பால்கனியில் ஒரு இரும்புக் குழாய்

மார்ச் கணக்கு முடிப்பு, அதுக்குப் பிறகு ஆடிட்டர் கேள்விகள், பொண்ணோட பரீட்சைன்னு ரொம்ப நாளா இந்தப் பக்கம் வர முடியலை. இன்னிக்கும் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். போன ஞாயித்துக்கிழமை தங்கமணி பால்கனியைச் சுத்தம் பண்ண ஆரம்பிச்சாங்க. மூலையில துளசி மாடத்துக்குப் பின்னாடி கிடந்த ஒரு துருப்பிடிச்ச இரும்புக் குழாயைத் தூக்கிட்டு வந்து, "இது என்னது, இது எதுக்கு, இது எப்ப வீட்டை விட்டுப் போகும்?"னு மூணு கேள்வி கேட்டாங்க. முதல் ரெண்டுக்கு என்கிட்ட பதில் இருக்கு. கொஞ்சம் நீளமான பதில். கொசுவத்தி சுத்தப் போறேன், பிடிக்காதவங்க இப்பவே எஸ்கேப் ஆகிக்கலாம்.

அந்தக் குழாய் எங்க அப்பாவோட டேவூ சீலோ காரின் முன்பக்க இடது ஸ்ட்ரட். அதாவது ஷாக் அப்சார்பர் உட்காரும் கூடு. உள்ளே ஒண்ணும் இல்லை, வெறும் கூடுதான்.

2001ல அப்பா வி.ஆர்.எஸ். வாங்கினார். ஞாபகம் இருக்கிறவங்களுக்கு இருக்கும், 2000 கடைசியிலயும் 2001 ஆரம்பத்துலயும் பொதுத்துறை வங்கிகள்ல ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் விருப்ப ஓய்வுல வெளியே வந்தாங்க. நம்ம வாசகர்கள்ல பாதிப் பேரோட அப்பாவோ மாமாவோ அந்தக் கூட்டத்துல இருந்திருப்பாங்க. வந்த பணத்துல சிலர் வீடு கட்டினாங்க, சிலர் பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணினாங்க, சிலர் பங்குச்சந்தையில விட்டாங்க. எங்க அப்பா நங்கநல்லூர்ல யாரும் எதிர்பார்க்காத ஒரு காரியம் செஞ்சார். 1996 மாடல் சீலோ ஒண்ணை ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்கு வாங்கிட்டு வந்து வாசல்ல நிறுத்தினார். எங்க குடும்பத்துல முதல் கார். அதுக்கு முன்னாடி எங்ககிட்ட இருந்ததெல்லாம் ஒரு பஜாஜ் ஸ்கூட்டர்.

அம்மா ரெண்டு நாள் பேசலை. கம்பெனியே திவாலாகிட்ட காரை யாராவது வாங்குவாங்களான்னு தெருவே கேட்டுச்சு. அப்பா ஒரு தாளை எடுத்து எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். (நான் பி.காம். முடிச்சிட்டு வங்கித் தேர்வுக்குப் படிச்சிட்டிருந்த நேரம்.) புதுசுல அஞ்சு லட்சம்னு வச்சுக்கோ. குறைந்து செல்லும் மதிப்பு முறையில வருஷத்துக்கு 20 சதவீதம் தேய்மானம். நாலு லட்சம், மூணு இருபது, ரெண்டு ஐம்பத்தாறு, ரெண்டு லட்சத்து நாலாயிரத்து எண்ணூறு, அஞ்சாவது வருஷக் கடைசியில 1,63,840. நான் வாங்கினது 1,10,000. அப்ப எனக்கு 53,840 ரூபாய் லாபம்டா!

இந்தக் கணக்குல ஒரு பெரிய ஓட்டை இருக்குன்னு அப்பவே எனக்குத் தெரியும். அது என்னன்னு சொல்ல எனக்கு எட்டு வருஷம் ஆச்சு.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஷாக் அப்சார்பர்னா என்ன? பேரே தப்பான பேர். ரோட்டுல பள்ளத்துல சக்கரம் விழும்போது அந்த அதிர்ச்சியை வாங்கிக்கிறது ஸ்பிரிங். ஆனா ஸ்பிரிங் ஒரு தடவை அமுங்கினா சும்மா இருக்காது. மேல, கீழ, மேல, கீழன்னு குழந்தை தொட்டில் மாதிரி ஆடிக்கிட்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குறதுதான் ஷாக் அப்சார்பரோட வேலை. ஒரு குழாய், உள்ளே எண்ணெய், எண்ணெய்க்குள்ள சின்னச் சின்ன ஓட்டை போட்ட பிஸ்டன். வண்டி ஆடினா எண்ணெய் அந்த ஓட்டை வழியா முக்கி முனகிப் போகணும். ஆட்டத்தோட சக்தி எண்ணெய்ச் சூடா மாறிடும். அவ்வளவுதான். வெள்ளைக்காரன் இங்கிலாந்துல இதை டேம்பர்னு சொல்றான், அதான் சரியான பேர். நம்ம மெக்கானிக்குகள் ஷாக்கப்னு சொல்வாங்க.

ஹைதராபாத் வர்றவங்க சௌமஹல்லா அரண்மனைக்குப் போனா, அங்கே ஒரு மஞ்சள் நிற ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் கோஸ்ட் நிக்கிறதைப் பார்க்கலாம். ஆறாவது நிஜாம் மெஹபூப் அலி கான் ஆர்டர் கொடுத்தது. வண்டி வர்றதுக்குள்ள 1911ல அவர் காலமாயிட்டார், அது மகன் உஸ்மான் அலி கானுக்குப் போச்சு. நடுவுல சிம்மாசனம் மாதிரி ஒரு இருக்கை. ஊர்வலத்துக்கான கார், அதனால மெதுவாத்தான் போகும். நான் முதல் தடவை அதைப் பார்த்தப்ப எல்லாரும் சிம்மாசனத்தை போட்டோ எடுத்துட்டிருந்தாங்க, நான் குனிஞ்சு அடியில என்ன இருக்குன்னு பார்த்தேன். காவலாளி ஒரு மாதிரி பார்த்தார். அடியில பட்டை ஸ்பிரிங். நம்ம ஊர் லாரியில பார்ப்போமே, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கின இரும்புப் பட்டை, அதே இனம். குதிரை வண்டியிலிருந்து நேரா காருக்கு இறங்கினது அது. பட்டைகள் ஒண்ணோட ஒண்ணு உரசுறதே ஓரளவுக்கு ஆட்டத்தை அடக்கும். வேகம் கம்மியா இருந்த காலத்துல அது போதுமா இருந்துச்சு.

வேகம் கூடினதும் போதலை. பிரான்ஸ்ல ட்ரூஃபோங்கறவர் கத்திரிக்கோல் மாதிரி ரெண்டு கையை வச்சு, நடுவுல உரசுற தட்டு வச்சு ஒரு சாதனம் பண்ணினார். அமெரிக்காவுல ஹார்ட்ஃபோர்ட் அதை எடுத்து வித்தார். இது 1900களின் ஆரம்பம். கிளீவ்லாண்ட்ல கிளாட் ஃபாஸ்டர்னு ஒருத்தர், என்ஜின் புகையால ஊதுற ஒரு ஹார்ன் கண்டுபிடிச்சு அதுக்கு எக்காளம் ஊதுற தேவதூதர் பேரை வச்சார்: கேப்ரியல். ஹார்ன்ல காசு பார்த்தப்புறம், ஸ்பிரிங் திரும்பி எகிறும்போது இழுத்துப் பிடிக்கிற ஒரு பெல்ட் சாதனத்தையும் அதே பேர்ல வித்தார். இன்னிக்கு நம்ம ஊர் ஸ்பேர் கடைகள்ல கேப்ரியல்னு போட்டு ஷாக்கப் விக்குதே, அந்தப் பேரோட பூர்வீகம் அந்த ஹார்ன்தான். கேப்ரியல் இந்தியா 1961ல தீப் ஆனந்த் தொடங்கினது, முதல் ஆலை பம்பாய் முலுண்ட்ல.

எண்ணெய் வச்ச சாதனம்னா பிரெஞ்சுக்காரர் ஊதாய் பேரைச் சொல்லணும். 1927 கடைசியில வந்த ஃபோர்டு மாடல் ஏ காரிலேயே அவர் வகை ஷாக் அப்சார்பர் இருந்துச்சு. அது உருண்டையா, ஒரு கை நீட்டின மாதிரி இருக்கும். குழாய் வடிவம் பரவலானது அதுக்கப்புறம்தான்.

இப்ப நம்ம கதாநாயகர். ஏர்ல் மெக்ஃபர்சன். 1891ல அமெரிக்காவுல இல்லினாய்ஸ் மாநிலத்துல பிறந்தவர். ரெண்டாம் உலகப் போர் முடியுற நேரத்துல ஜெனரல் மோட்டார்ஸின் செவர்லே பிரிவுல, ஆயிரம் டாலருக்குள்ள ஒரு சின்னக் கார் செய்யணும்னு ஒரு திட்டம். பேரு கேடெட். அதோட பொறுப்பு இவர்கிட்ட. ஆயிரம் டாலருக்குள்ளன்னா ஒவ்வொரு போல்ட்டையும் எண்ணணும். பட்ஜெட் மீட்டிங்ல உட்கார்ந்தவங்களுக்குப் புரியும்.

அந்தக் காலத்து நல்ல கார்கள்ல முன் சக்கரத்தைப் பிடிக்க மேல ஒரு கை, கீழ ஒரு கை, நடுவுல ஸ்பிரிங், பக்கத்துல ஷாக் அப்சார்பர்னு தனித்தனியா இருக்கும். மெக்ஃபர்சன் என்ன பண்ணினார்னா, மேல் கையையே தூக்கிட்டார். ஷாக் அப்சார்பரை நல்ல தடிமனான குழாயா செஞ்சு, அதைச் சுத்தி ஸ்பிரிங்கை மாட்டி, அடியைச் சக்கரத்தோட முடுக்கி, தலையைக் கார் உடம்போட சேர்த்துட்டார். ஷாக் அப்சார்பரே தூணாயிடுச்சு. ஸ்டியரிங் திருப்பினா அந்தத் தூணே திரும்பும். நாலு பேர் செய்யுற வேலையை ஒருத்தரே செய்யுற மாதிரி. (எங்க கிளையில இப்ப நடக்குறதும் அதேதான், அது வேற பதிவு.) இந்த யோசனை முழுக்க அவருக்கே சொந்தம்னு சொல்ல முடியாது. ஃபியட் கம்பெனியோட கைடோ ஃபோர்னாக்கா 1920கள்லயே இது மாதிரி ஒண்ணுக்குக் காப்புரிமை எடுத்திருந்தார். ஆனா மலிவா, லட்சக்கணக்குல செய்யுற மாதிரி பண்ணினவர் மெக்ஃபர்சன்தான்.

சோகம் என்னன்னா, 1947ல கேடெட் திட்டத்தையே ஊத்தி மூடிட்டாங்க. பெரிய கார் நல்லா விக்கும்போது சின்னக் கார் எதுக்குங்கற கணக்கு. மெக்ஃபர்சன் அதே வருஷம் ஃபோர்டுக்குத் தாவிட்டார். 1950ல லண்டன் கண்காட்சியில ஃபோர்டு இங்கிலாந்து கொண்டுவந்த கான்சல், செஃபர் கார்கள்ல இவரோட ஸ்ட்ரட் வந்துச்சு. 1958ல ஓய்வு, 1960ல மரணம். இன்னிக்கு நீங்க எந்த நாட்டுல இருந்தாலும், வாசல்ல நிக்கிற சின்னக் காரோட முன் சக்கரத்துக்குப் பின்னாடி எட்டிப் பாருங்க. பெரும்பாலும் இவர்தான் நிப்பார்.

ஆனா இந்த யோசனைக்குள்ள ஒரு சிக்கல் ஒளிஞ்சிருக்கு. பழைய ஏற்பாட்டுல ஷாக் அப்சார்பர் போச்சுன்னா ரெண்டு போல்ட்டைக் கழட்டி, பழசைத் தூக்கிப் போட்டுட்டு புதுசை மாட்டலாம். இங்கே ஷாக் அப்சார்பர்தான் தூண். ஸ்பிரிங் உட்கார்ற தட்டு, சக்கரத்தைப் பிடிக்கிற காது எல்லாம் அந்தக் குழாயிலயே பற்ற வச்சிருக்கும். சில கார்கள்ல ஸ்டியரிங் கம்பி வந்து மாட்டுற கை கூட அதுலதான். உள்ளே சீல் ஒழுகுதுன்னு இவ்வளவையும் மாத்தணுமா? இதுக்கு ரெண்டு வழி வந்துச்சு. ஒண்ணு, ஆமா, முழுசா மாத்து. இன்னொண்ணு, குழாயோட வாயில மரையுள்ள ஒரு பெரிய வளைய நட்டு வை. அதைக் கழட்டினா உள்ளே இருக்குறது மட்டும் வெளியே வரும். அந்த இடத்துல மூடி போட்டு வர்ற புது உருளை ஒண்ணை இறக்கி, நட்டை முடுக்கிடு. பேனாவுக்கு ரீஃபில் மாதிரி. இந்த ரீஃபிலைத்தான் இன்செர்ட், கார்ட்ரிட்ஜ்னு சொல்றாங்க.

நம்ம நாட்டுக்கு வருவோம். 1950களின் கடைசியிலிருந்து 2014 வரைக்கும் ஓடின அம்பாசடர்ல முன்பக்கம் முறுக்குக் கம்பி, பின்பக்கம் பட்டை. பிரீமியர் பத்மினியில முன்னாடி சுருள் ஸ்பிரிங், மேலும் கீழும் கை. நம்ம மதராஸ்ல, வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் 1961லிருந்து செஞ்ச ஹெரால்டுலயும் முன்னாடி அதே ரெட்டைக் கை ஏற்பாடுதான். மெக்ஃபர்சன் சாதாரண இந்தியன் வீட்டுக்கு வந்தது 1983 டிசம்பர் 14ஆம் தேதி. அன்னிக்குத்தான் இந்திரா காந்தி குர்காவ்ன்ல ஹர்பால் சிங்குக்கு முதல் மாருதி 800 சாவியைக் கொடுத்தார். நம்ம ஆளுங்க ஜப்பான் என்ஜினையும் பெட்ரோல் சிக்கனத்தையும் பத்தித்தான் பேசினாங்க. முன்பக்கம் மேல் கை காணாமப் போனதைக் கவனிச்சவங்க மெக்கானிக்குகள் மட்டும்தான்.

இதுல மதராஸுக்கும் ஒரு பங்கு உண்டு. 1985ல ஸ்டாண்டர்ட் 2000னு ஒரு கார் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? இங்கிலாந்து ரோவர் எஸ்டி1 காரோட உடம்பு. அதுலயும் முன்னாடி மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். ஆனா உள்ளே போட்ட என்ஜின் பழைய வான்கார்டு காலத்து ரெண்டு லிட்டர். பட்டு வேட்டி கட்டிட்டு ரப்பர் செருப்பு போட்ட மாதிரி. விலையும் அதிகம், குடிக்கிற பெட்ரோலும் அதிகம். சில வருஷத்துல கதை முடிஞ்சுது. சின்ன வயசுல நங்கநல்லூர்ல ஒரு டாக்டர் வீட்டு வாசல்ல ஒண்ணு நிக்கும், நாங்க எல்லாம் நின்னு பார்ப்போம்.

அடுத்தது டேவூ. இதைக் கொஞ்சம் நிதானமா சொல்றேன், ஏன்னா இது பாதி கார் கதை, பாதி கடன் கதை. ரெண்டாவதுதான் என் தொழில்.

1984ல ஜெர்மனியில ஓப்பல் கம்பெனி கேடெட்னு ஒரு கார் கொண்டுவந்தாங்க. (மெக்ஃபர்சனோட செத்துப்போன கேடெட் இல்ல. ரெண்டும் ஜெனரல் மோட்டார்ஸ் குடும்பம், பேர்தான் ஒரே மாதிரி.) 1985க்கான ஐரோப்பிய கார் விருது இதுக்குத்தான். அதைக் கொரியாவுல டேவூ எடுத்துச் செஞ்சாங்க, அப்புறம் முகத்தை மாத்தி நெக்ஸியா, சீலோன்னு பேர் வச்சாங்க. டேவூவோட தலைவர் கிம் வூ சூங் 1967ல துணி ஏற்றுமதியில ஆரம்பிச்சவர். கடன் வாங்கு, ஆலை கட்டு, அந்த ஆலையைக் காட்டி அடுத்த கடன் வாங்குன்னு உலகம் பூரா விரிச்சார். இந்தியாவுல நொய்டா பக்கத்துல சூரஜ்பூர்ல டி.சி.எம். டொயோட்டான்னு லாரி செஞ்சிட்டிருந்த ஆலையைக் கையில எடுத்தாங்க. 1995ல சீலோ வந்துச்சு. பவர் ஸ்டியரிங், ஏ.சி.ன்னு பத்மினி ஓட்டினவங்களுக்கு அது ஏரோப்ளேன். 1998ல மாட்டிஸும் வந்துச்சு. அதே வருஷம் நம்ம இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோவும் வந்து ரெண்டு கொரியாக்காரங்களும் இந்தியத் தெருவுல மோதிக்கிட்டாங்க.

1999ல டேவூ குழுமம் சரிஞ்சுது. கடன் ஐயாயிரம் கோடி டாலருக்கும் மேல. கிம் நாட்டை விட்டே போயிட்டார். 2000 நவம்பர்ல டேவூ மோட்டார் திவால். 2002ல ஜெனரல் மோட்டார்ஸ் நல்ல பாகங்களை மட்டும் பொறுக்கி எடுத்துக்கிட்டப்ப, சூரஜ்பூர் ஆலையை வேண்டாம்னுட்டாங்க. எங்களுக்கு இது புது விஷயம் இல்ல. திவாலான ஒரு கம்பெனியை வாங்குறவன் சொத்தைத் தொடுவான், பொறுப்பைத் தொட மாட்டான். அந்தப் பொறுப்புப் பட்டியல்ல கடைசி வரியா, எந்த பேலன்ஸ் ஷீட்லயும் வராத வரியா, எங்க அப்பா மாதிரி ஆளுங்க நின்னாங்க. சர்வீஸ் சென்டர்கள் ஒவ்வொண்ணா மூடினாங்க. அப்பாவோட கணக்குல இருந்த ஓட்டை இதுதான்: தேய்மான சூத்திரத்துல, உதிரி பாகம் கிடைக்குமாங்கறதுக்கு ஒரு எழுத்தும் கிடையாது.

ஆனா ஒரு அதிர்ஷ்டம். சீலோ அநாதை ஆனாலும் அது பிறந்த குடும்பம் பெரிசு. உஸ்பெகிஸ்தான்ல அசாகாங்கற ஊர்ல அதே காரை நெக்ஸியான்னு 1996லிருந்து 2016 வரைக்கும் செஞ்சாங்க. அதனால உலகத்துல எங்கேயாவது ஒரு கம்பெனி இந்த வண்டிக்குப் பாகம் செஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அதோட, இந்த ஓப்பல் வம்சத்துக் கார்கள்ல முன் ஸ்ட்ரட், நான் சொன்ன ரெண்டாவது வகை. வளைய நட்டு, உள்ளே ரீஃபில்.

நான் 2005ல வங்கி வேலையில ஹைதராபாத் வந்தேன். 2009ல கல்யாணமாகி, பொண்ணு பிறந்தப்ப அப்பா காரை எனக்குக் கொடுத்துட்டார். சென்னையிலிருந்து விஜயவாடா வழியா நானே ஓட்டிட்டு வந்தேன். நெல்லூர் தாண்டினதும் முன்னாடி இடது பக்கம் டக்... டக்னு ஒரு சத்தம். சூர்யாபேட் வர்றதுக்குள்ள அது டக்கடக்கடக்கன்னு ஆயிடுச்சு. ஒவ்வொரு வேகத்தடையிலயும் முன்பக்கம் மூணு தடவை கும்பிடு போட்டுச்சு. பின் சீட்ல அம்மா ராம ஜெயம் சொல்லிட்டே வந்தாங்க.

மல்காஜ்கிரியில எங்க வீட்டுக்குப் பக்கத்துல ஒரு ஷெட். உஸ்தாத்னு எல்லாரும் கூப்பிடுவாங்க, ஐம்பது வயசு இருக்கும். காரைச் சுத்தி ஒரு தடவை நடந்தார். முன்பக்க மூலையில கையை வச்சு அமுக்கி விட்டார். ஒரு தடவை எழும்பி நிக்க வேண்டியது, ஆடிக்கிட்டே இருந்துச்சு. "ஷாக்கப் கலாஸ் சாப்" அப்படின்னார். முழு ஸ்ட்ரட் எங்கே கிடைக்கும்னு நான் கேட்டேன். "முழுசு நக்கோ. உள்ளே இருக்குறது மட்டும் போதும்" அப்படின்னார் பாதி தெலுங்கு பாதி தக்னியில.

அவர் செஞ்சதை நான் ஒரு சனிக்கிழமை பூரா ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். ஜாக்கி மட்டும் போட்டு விடாம, அடியில ஸ்டாண்டும் வச்சார். சக்கரம் கழண்டுச்சு. இந்த வண்டியில ஸ்டியரிங் கம்பியோட முனை ஸ்ட்ரட்லயே மாட்டியிருக்கும், அதை விடுவிச்சார். பிரேக் குழாயைக் கிளிப்பிலிருந்து எடுத்து, தொங்காம கம்பியில கட்டினார். அடியில சக்கரத்தோட சேர்ற போல்ட்டுகள், மேல பானெட்டுக்குள்ள இருக்குற நட்டுகள். மொத்தத் தூணும் ஸ்பிரிங்கோட கையில வந்துச்சு.

இனிமேதான் பயம். அந்த ஸ்பிரிங் உள்ளுக்குள்ள அமுங்கின நிலையில இருக்கு. அதைப் பிடிச்சு வச்சிருக்கிறது நடுக்கம்பியோட தலையில இருக்கும் ஒரே ஒரு நட்டு. அதை அப்படியே கழட்டினா ஸ்பிரிங் பீரங்கி மாதிரி கிளம்பும். ரெண்டு பக்கமும் கொக்கி வச்ச கருவியை மாட்டி, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம்னு சமமா முடுக்கி ஸ்பிரிங்கைச் சுருக்கினப்புறம்தான் உஸ்தாத் அந்த நட்டைத் தொட்டார். சோட்டு பையனை எதிர்ல நிக்காதேன்னு விரட்டினார். அவரோட வலது புருவத்துக்கு மேல ஒரு பழைய தழும்பு. நான் கேட்கலை, அவரே விரலால அதைத் தொட்டுக் காட்டிட்டு ஸ்பிரிங்கைப் பார்த்தார். (யாராவது யூடியூப் பார்த்து வீட்டுல இதைச் செய்யலாம்னு நினைச்சா, தயவுசெஞ்சு அந்தக் கருவி இல்லாம வேண்டாம்.)

அப்புறம் வளைய நட்டு. சக்கர போல்ட்டுக்குக் கொடுக்குற இறுக்கத்தைப் போல ஏறக்குறைய ரெண்டு மடங்கு இதுக்கு வேணும், அதனால கழட்டவும் அவ்வளவு பலம் வேணும்னு உஸ்தாத் பெரிய பைப் ரெஞ்சோட தயாரானார். ஆனா அது கையாலயே திரும்பிடுச்சு. உஸ்தாத் முகம் மாறிடுச்சு. உள்ளேயிருந்து இன்செர்ட்டை இழுத்தார். அதோட கூட ஒரு சைக்கிள் டியூப் துண்டும், வெட்டின தகரம் ஒண்ணும் வந்துச்சு.

ஆக, யாரோ முன்னாடியே ஒரு தடவை மாத்தியிருக்காங்க. வேற ஏதோ வண்டியோட உருளை, கூட்டை விட ஒல்லி, நீளமும் கம்மி. ஆடாம இருக்க ரப்பரையும் தகரத்தையும் சுத்தியிருக்காங்க. நீளம் பத்தாததால வளைய நட்டு எவ்வளவு முடுக்கினாலும் உருளையோட தலையை அழுத்தலை. நட்டு சும்மா மரையைத்தான் கடிச்சிட்டு நின்னுச்சு. ஓட ஓட மரை தின்னுப்போச்சு. அப்பாகிட்ட போன்ல சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. 2006ல ஒரு ஒர்க் ஷாப்ல முழு ஸ்ட்ரட்டே புதுசுன்னு சொல்லி ஏழாயிரம் வாங்கினாங்க, பில் இருக்குன்னார். பில்லை வச்சு என்ன பண்றது. அந்த மூணு வருஷமும் அவரும் அம்மாவும் அதே காரில் திருப்பதி, காஞ்சிபுரம்னு போயிட்டு வந்திருக்காங்க. அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை.

புது இன்செர்ட் ஒரு ஜோடி செகந்தராபாத் ராணிகஞ்ச்ல கிடைச்சுது, 2,800 ரூபாய். ஜோடியாத்தான் மாத்தணும். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசுன்னா வண்டி ஒரு பக்கமா நொண்டும். ஆனா மரை போன கூட்டுக்கு என்ன பண்றது? ஒரு கடைக்காரர், நட்டை வெல்டிங் வச்சிடலாம் சார்னார். உஸ்தாத் கையெடுத்துக் கும்பிட்டார். வெல்டிங் சூட்டுல புது உருளையோட சீல் கருகிடும், அதுக்கு ரோட்டுல ரெண்டாயிரத்து எண்ணூறை எரிச்சிடலாம்னார்.

ராணிகஞ்ச்ல கூடு கிடைக்கலை. இதைக் கேட்ட அப்பா அடுத்த நாள் காலையில புதுப்பேட்டைக்குப் போயிட்டார். அப்ப அவருக்கு 65 வயசு. புதுப்பேட்டை தெரியாதவங்களுக்கு: சென்னையில செத்த கார்கள் எல்லாம் போற இடம், அங்கேயிருந்துதான் உயிரோட இருக்குற கார்களுக்கு உறுப்பு தானம் நடக்கும். மூணு நாள் அலைஞ்சு, உடைச்சுப் போட்ட ஒரு சீலோவிலிருந்து இடது கூட்டையும் அதோட வளைய நட்டையும் எழுநூறு ரூபாய்க்கு வாங்கினார். மரையில நட்டைத் தானே முழுசா ஏத்தி இறக்கிப் பார்த்துட்டுத்தான் காசு கொடுத்தாராம். பார்சல்ல அனுப்புங்கன்னேன். கேட்கலை. பழைய வேட்டியில சுத்தி, தினமணியால மூடி, கயிறு கட்டி, சார்மினார் எக்ஸ்பிரஸ்ல மடியில வச்சுக்கிட்டே வந்தார்.

செகந்தராபாத் ஸ்டேஷன்ல போலீஸ் பிடிச்சிட்டாங்க. 2007ல இந்த ஊர்ல குண்டு வெடிச்சதிலிருந்து அங்கே கெடுபிடி ஜாஸ்தி. ஒரு அடிக்கு மேல நீளமா, துணி சுத்தின இரும்புக் குழாய்னா யாருக்குத்தான் சந்தேகம் வராது? நான் போய்ச் சேர்றப்ப, அப்பா ஒரு போலீஸ்காரருக்கு மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் எப்படி வேலை செய்யுதுன்னு இங்கிலீஷ்ல விளக்கிட்டு இருந்தார். அந்தப் போலீஸ்காரர் என்னைப் பார்த்ததும், "உங்க அப்பாவா? சீக்கிரம் கூட்டிட்டுப் போங்க"ன்னு தெலுங்குல கெஞ்சினார்.

மறுநாள் ஷெட்ல அப்பாவுக்கும் ஒரு ஸ்டூல். உஸ்தாத் கூட்டை மண்ணெண்ணெயில கழுவி, உள்ளே துணி விட்டுத் துடைச்சார். பிறகு கொஞ்சம் எண்ணெய் ஊத்தினார். உருளைக்குள்ளதான் எண்ணெய் இருக்கே, இது எதுக்குன்னு அப்பா கேட்டார். உருளைக்கும் கூட்டுக்கும் நடுவுல காத்து நின்னா சூடு வெளியே போகாது, எண்ணெய் இருந்தா சூட்டைக் கூட்டுக்குக் கடத்தும், துருவும் பிடிக்காது. ஆனா விளிம்பு வரைக்கும் ஊத்தக்கூடாது, சூட்டுல விரியும். இன்செர்ட்டை இறக்கினதும் எண்ணெய் மெதுவா மேலேறிச்சு, வாய்க்கு ஒரு விரற்கடை கீழே நின்னுச்சு. உருளையோட தலை கூட்டு விளிம்பை விடத் துளி உயரமா நிக்குதான்னு பார்த்தார். அப்பத்தான் நட்டு உருளையை அழுத்தும். பிறகு வளைய நட்டு. பைப் ரெஞ்சுக்கு மேல ஒரு நீள பைப்பை மாட்டி, உஸ்தாத்தும் சோட்டுவும் சேர்ந்து தொங்கினாங்க. கடைசியில அப்பாவைக் கூப்பிட்டு, பிடிச்சு ஆட்டிப் பாருங்கன்னார். அப்பா ரெண்டு கையாலயும் கம்பியைப் பிடிச்சு ஆட்டினார். அசையலை. "ஹவ், இப்ப பேங்க் லாக்கர் மாதிரி" அப்படின்னார் உஸ்தாத்.

கூலி ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்து அறுநூறு கேட்டார். அப்பா எண்ணூறு கொடுத்தார். எங்க அப்பா கேட்ட கூலிக்கு மேல கொடுத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அடுத்து வீல் அலைன்மென்ட். ஸ்டியரிங் முனையைக் கழட்டி மாட்டினா அதைச் செய்யாம விட்டா டயர் ஒரு பக்கமா தேயும். முடிச்சிட்டு டேங்க் பண்ட் மேல ஒரு சுத்து போனோம். அப்பா ரேடியோவை அணைக்கச் சொல்லிட்டு, ஜன்னலைத் திறந்து வச்சு, காதை வெளியே நீட்டிக்கிட்டே வந்தார். பத்மாராவ் நகர் ஸ்கந்தகிரி கோயில் வரைக்கும் பத்துப் பன்னிரண்டு வேகத்தடை. எங்கேயும் சத்தமே இல்லை.

அதுக்கப்புறம் நாலு வருஷம் ஓடுச்சு. பதினைஞ்சு வருஷப் பதிவு புதுப்பிப்பு, வேற மாநில வரின்னு ஆயிரம் தொல்லை, அதை எழுதினா இன்னொரு பதிவு ஆகும். 2013ல ரேடியேட்டர் போனப்ப உஸ்தாத்தே கையை விரிச்சிட்டார். பழைய இரும்புக் கணக்குல பன்னிரண்டாயிரத்துக்குப் போச்சு. புதுப்பேட்டையிலிருந்து வந்த கூடும் அதோடயே போயிடுச்சு. மரை தின்னுப்போன பழைய கூட்டை மட்டும், ஏன்னு தெரியாம, உஸ்தாத்கிட்டயிருந்து அன்னிக்கே வாங்கிட்டு வந்து பால்கனியில வச்சிருந்தேன்.

அதைத்தான் தங்கமணி தூக்கிட்டு வந்தாங்க. போன ஞாயித்துக்கிழமையே தள்ளுவண்டி கபாடிக்காரர் வந்தார். தராசுல வச்சார், ரெண்டரை கிலோ. எழுபது ரூபாய்ன்னார். நான் அப்பாவுக்குப் போன் போட்டேன். இப்ப 80 தாண்டிட்டார், காது கொஞ்சம் மந்தம். ரெண்டு தடவை கத்திச் சொன்னதும் புரிஞ்சுது.

"எந்தக் கூடு? நான் வாங்கிட்டு வந்ததா, கம்பெனிதா?"

"கம்பெனிதுப்பா."

"மரை போனதுதானே. அது ஒரிஜினல் கொரியா இரும்புடா. தொண்ணூறுக்குக் கேளு."